கேள்வி கேட்க ஆளில்லாத வீடு: ஃபவுண்ட் ஃபுட்டேஜ் படங்களும் புராரியும்

போன மாதம் எங்கள் அபார்ட்மென்டில் ஒரு சைக்கிள் காணாமல் போனது. தேனாம்பேட்டையில், எல்டாம்ஸ் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சந்தில் இருக்கிற பழைய கட்டடம், மொத்தம் பன்னிரண்டு வீடு. அசோசியேஷன் செக்ரட்டரிக்குக் கண் ஆபரேஷன் ஆகியிருந்தது. "நீங்கதான் எப்பப் பாத்தாலும் பேய்ப் படம் பாக்கறீங்களே, இதையும் பாத்துடுங்க" என்று சிசிடிவி பதிவைப் பார்க்கும் வேலையை என் தலையில் கட்டிவிட்டார்.

ஆறு மணி நேரப் பதிவு. வேகமாக ஓட்டிப் பார்த்தேன். வாட்ச்மேன் தூங்குகிறார். பூனை போகிறது, பூனை வருகிறது. பால் பாக்கெட் வந்து விழுகிறது. காலை ஐந்தரைக்கு என் அம்மாவும் மூன்றாவது மாடி அக்காவும் ஆளுக்கொரு ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறுகிறார்கள். வடாம் போடப் போகிறார்கள், வேறொன்றும் இல்லை. ஆனால் எனக்கு ஒரு நிமிஷம் கை ஓடவில்லை. அந்தக் காட்சியை நான் ஏற்கெனவே வேறு இடத்தில் பார்த்திருக்கிறேன். புராரியில்.

சைக்கிள் கிடைக்கவில்லை. எடுத்தவர் பின்பக்க கேட் வழியாகப் போயிருக்கிறார். அங்கே கேமரா கிடையாது.

ரொம்ப நாளாக எழுத நினைத்துத் தள்ளிப்போட்ட ஒரு குறிப்பை இந்தச் சாக்கில் எழுதி முடிக்கிறேன். ஃபவுண்ட் ஃபுட்டேஜ் வகைப் பேய்ப் படங்களில் ஒரு கிளை உண்டு. ஊருக்கு ஒதுக்குப்புறமாக ஒரு மதக் கூட்டம் வாழ்கிறது, கேமராவோடு சிலர் உள்ளே போகிறார்கள், திரும்பி வருவது கேமரா மட்டும்தான். இந்தக் கிளை எதைச் சரியாகப் பிடிக்கிறது, எங்கே கோட்டை விடுகிறது என்பதுதான் கேள்வி.

கேமரா யார் கையில்?

ஃபவுண்ட் ஃபுட்டேஜ் என்றால் தெரியாதவர்களுக்கு: படத்தில் வரும் ஆட்களே எடுத்த பதிவு பிற்பாடு யார் கையிலோ கிடைத்தது, அதைத்தான் நாம் பார்க்கிறோம் என்கிற பாவனை. 1999-இல் வந்த 'தி பிளேர் விட்ச் புராஜெக்ட்' இதைப் பெரிய வியாபாரமாக்கியது. இந்தியாவில் 2011-இல் 'ராகிணி எம்எம்எஸ்', 2013-இல் கன்னடத்தில் '6-5=2' எல்லாம் இந்த ரகம். ஒன்றில் பாழடைந்த வீடு, இன்னொன்றில் மலையேற்றம். இரண்டிலும் பயம் பேயிடமிருந்து வருகிறது.

மதக் கூட்டத்தைப் பற்றிய படங்களில் பயம் மனிதர்களிடமிருந்து வர வேண்டும். அங்கேதான் சிக்கல் ஆரம்பிக்கிறது. 2013-இல் வந்த 'வி/எச்/எஸ்/2' தொகுப்பில் 'சேஃப் ஹேவன்' என்று ஒரு பகுதி இருக்கிறது. கேரத் எவான்ஸ், டிமோ ஜாஜான்தோ இருவரும் சேர்ந்து இயக்கியது. இந்தோனேஷியாவில் ஒரு சாமியார் கூட்டத்தின் வளாகத்துக்குள் ஆவணப்படக் குழு ஒன்று ரகசிய கேமராக்களோடு போகிறது. முதல் பத்து நிமிடம் அபாரம். சீருடைப் பெண்கள், சிரித்த முகத்தோடு ஒரு தலைவர், பதில் சொல்லாமல் நழுவுகிற பேச்சு. பிறகு ரத்தம், வெடிப்பு, கடைசியில் கொம்பு வைத்த ஒரு பிராணி. பிராணி வந்த நொடியில் எனக்குப் பயம் போய்விட்டது. சாமியார் சொன்னது நிஜம் என்று படமே ஒத்துக்கொண்டுவிட்டால், அவரை நம்பியவர்கள் ஏமாந்தவர்கள் இல்லை என்றாகிவிடுகிறது. அப்புறம் பயப்பட என்ன இருக்கு?

அதே ஆண்டு வந்த டை வெஸ்டின் 'தி சாக்ரமென்ட்' இந்தத் தவறைச் செய்யவில்லை. அதில் பேய் கிடையாது. தங்கையைத் தேடி வரும் ஒருவனோடு இரண்டு செய்தியாளர்கள் 'ஈடன் பாரிஷ்' என்ற குடியிருப்புக்குப் போகிறார்கள். எல்லாரும் 'ஃபாதர்' என்று கூப்பிடும் ஒரு வயதானவர் அங்கே தலைவர். படத்தின் நல்ல காட்சி ஒரு பேட்டி. செய்தியாளர் கேள்வி கேட்கிறார், ஃபாதர் ஒவ்வொரு கேள்வியையும் திருப்பி அவர் மேலேயே போடுகிறார், சுற்றியிருக்கும் கூட்டம் கைதட்டுகிறது. செய்தியாளரின் மனைவி கர்ப்பமாக இருப்பதை ஃபாதர் போகிற போக்கில் சொல்லும்போது, கேள்வி கேட்கும் உரிமை இடம் மாறிவிடுகிறது. துப்பாக்கிச் சத்தத்தைவிட அந்தக் கைதட்டல்தான் எனக்குப் பயமாக இருந்தது.

ஆனால் அந்தப் படமும் ஒரு வசதியான இடத்தில் நின்றுகொள்கிறது. கேமரா வெளியாட்கள் கையில் இருக்கிறது. நாமும் வெளியாட்கள். உள்ளே இருப்பவர்கள் பாவம், நாம் தப்பித்துவிடுவோம் என்ற நினைப்பு கடைசி வரை கலைவதே இல்லை.

நிஜத்தில் பதிவு செய்தவர்கள்

'தி சாக்ரமென்ட்' எதை வைத்து எடுக்கப்பட்டது என்பது ரகசியம் இல்லை. 1978 நவம்பர் 18, கயானா நாட்டில் ஜோன்ஸ்டவுன். ஜிம் ஜோன்ஸ் என்ற அமெரிக்கப் போதகரின் 'பீப்பிள்ஸ் டெம்பிள்' சபை காட்டை வெட்டி அமைத்த குடியிருப்பு. அன்று மொத்தம் 918 பேர் இறந்தார்கள். ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குழந்தைகளும் சிறார்களும்.

இந்தச் சம்பவத்துக்கு நிஜமாகவே இரண்டு பதிவுகள் உண்டு. ஒன்று வெளியாட்கள் எடுத்தது. அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர் லியோ ரயனோடு போன என்பிசி தொலைக்காட்சிக் குழு, போர்ட் கைட்டுமா விமானத் திடலில் சுடப்பட்டது. கேமராமேன் பாப் பிரவுன் தான் சுடப்படும் வரை படம் எடுத்துக்கொண்டிருந்தார். பிறகு படம் அப்படியே நின்றுபோகிறது. சினிமாக்காரர்கள் காப்பியடிப்பது இந்த நிற்றலைத்தான்.

இன்னொன்று உள்ளே இருந்தவர்களே எடுத்தது. ஜோன்ஸ் தன் பேச்சுகளை டேப்பில் பதிவு செய்யும் பழக்கம் உள்ளவர். கடைசிக் கூட்டத்தையும் பதிவு செய்தார்கள். சுமார் 44 நிமிடம் ஓடும் அந்த ஒலிநாடாவுக்கு எஃப்பிஐ வைத்த எண் க்யூ 042. அதில் ஓட்டமும் இல்லை, கேமரா ஆட்டமும் இல்லை. ஒரு கூட்டம் நடக்கிறது, அவ்வளவுதான். தலைவர் பேசுகிறார், ஆட்கள் மைக்கில் வந்து நன்றி சொல்கிறார்கள். கிறிஸ்டின் மில்லர் என்ற ஒரு பெண் மட்டும் எழுந்து கேள்வி கேட்கிறார். வேறு வழியே இல்லையா, ரஷ்யாவுக்குப் போக முடியாதா, குழந்தைகள் வாழ வேண்டாமா என்று. ஜோன்ஸ் பொறுமையாகத்தான் பதில் சொல்கிறார். அவரை வாயடைப்பது ஜோன்ஸ் இல்லை, பக்கத்தில் இருந்தவர்கள். அவர் உட்கார்ந்த பிறகு யாரும் கேள்வி கேட்கவில்லை.

திடலில் எடுத்த படம் கொலையைக் காட்டுகிறது. இந்த டேப் கொலைக்கு முன்னால் நடந்ததைக் காட்டுகிறது: கேள்வி கேட்ட கடைசி ஆள் எப்படி உட்கார வைக்கப்பட்டார் என்பதை. சினிமா முதல் பதிவை எடுத்துக்கொண்டு இரண்டாவதை விட்டுவிட்டது.

விடாத படம் ஒன்று இருக்கிறது. தைவானில் கெவின் கோ இயக்கி 2022-இல் வந்த 'இன்கான்டேஷன்', நெட்ஃப்ளிக்ஸில் நிறையப் பேர் பார்த்தது. அதிலும் ஒதுங்கி வாழும் ஒரு குலம், பெயர் சொல்லக் கூடாத ஒரு தாய் தெய்வம், நுழையக் கூடாத ஒரு சுரங்கம் உண்டு. ஆறு வருஷத்துக்கு முன்னால் விளையாட்டாகப் படம் எடுக்கப் போனவர்களில் ஒருத்தி இப்போது அம்மா. தன் மகளைக் காப்பாற்ற, கேமராவைப் பார்த்து நம்மிடமே பேசுகிறாள். கூடவே மந்திரம் சொல்லச் சொல்கிறாள். நாமும் மனதுக்குள் சொல்லிவிடுகிறோம். எதற்காகச் சொல்ல வைத்தாள் என்பது கடைசியில்தான் தெரிகிறது. சாபம், குறி என்று படம் பேய்ப் பாதையில்தான் போகிறது. ஆனால் ஒரு விஷயத்தைப் பிடித்துவிட்டது: நம்புகிறவர் கையில் கேமரா இருந்தால், பார்க்கிறவரும் கீழ்ப்படிந்துவிடுவார். ஏன் என்று கேட்காமல் நானும்தான் சொன்னேன்.

பதினொரு நோட்டுப் புத்தகங்கள்

இப்போது புராரி. 2018 ஜூலை 1 காலை, வடக்கு டெல்லியில் புராரி சந்த் நகரில் ஒரு வீட்டில் பதினொரு பேர் இறந்து கிடந்தார்கள். பாட்டி, மகன்கள், மருமகள்கள், மகள், பேரப் பிள்ளைகள். இளையவர்கள் இருவருக்கு வயது 15. மளிகைக் கடையும் பிளைவுட் கடையும் வைத்திருந்த, தெருவில் நல்ல பேர் எடுத்த குடும்பம். இரண்டு வாரம் முன்புதான், ஜூன் 17 அன்று, வீட்டில் ஒரு பெண்ணுக்கு நிச்சயதார்த்தம் நடந்திருந்தது.

வீட்டில் பதினொரு நோட்டுப் புத்தகங்கள் கிடைத்தன. பதினொரு ஆண்டுகளாக எழுதப்பட்டவை. 2007-இல் இறந்துபோன தாத்தா இளைய மகன் மேல் வந்து பேசுவதாகக் குடும்பம் நம்பியது. அவர் சொன்னதெல்லாம் எழுதப்பட்டது. யார் ஃபோனில் அதிகம் பேசுகிறார்கள், யார் பூஜைக்கு லேட்டாக வருகிறார்கள், கடையை எப்படி நடத்த வேண்டும், யார் யாரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். பெரும்பாலும் இப்படித்தான். கடைசி நோட்டில் ஏழு நாள் பூஜை. ஆலமர விழுதுபோல நிற்க வேண்டும் என்ற குறிப்பு. அது முடியும்போது தாத்தா வந்து காப்பாற்றிவிடுவார் என்று எல்லாரும் நம்பியிருக்கிறார்கள். சாக வேண்டும் என்ற எண்ணம் அவர்களுக்கு இருந்ததாகத் தெரியவில்லை என்றுதான் பிற்பாடு நடந்த உளவியல் ஆய்வும் சொன்னது.

எதிர் வீட்டு சிசிடிவியில் முந்தின நாள் இரவு பதிவாகியிருந்தது. வீட்டுப் பெண்கள் ஸ்டூல்களை வாங்கிக்கொண்டு மாடியேறுகிறார்கள். பையன்கள் கடையிலிருந்து ஒயர் எடுத்துப் போகிறார்கள். ஹோட்டலிலிருந்து ரொட்டி வருகிறது. ஒருவர் நாயைக் கூட்டிக்கொண்டு ஒரு சுற்றுப் போய்வருகிறார். யார் முகத்திலும் பயம் இல்லை, நடையில் அவசரம் இல்லை.

நான் பார்த்த எந்த ஃபவுண்ட் ஃபுட்டேஜ் படத்திலும் இதைவிடப் பயங்கரமான காட்சி கிடையாது. படங்களில் கேமரா நடுங்குகிறது, ஏனென்றால் பிடித்திருப்பவருக்குப் பயம். இங்கே கேமராவுக்குப் பின்னால் ஆளே இல்லை. முன்னால் போகிறவர்களுக்கும் பயம் இல்லை. பார்க்கிற நமக்கு மட்டும்தான் பயம், அதுவும் மறுநாள் என்ன ஆனது என்று தெரிந்ததால். தெரியாமல் பார்த்தால் எங்கள் மாடிப்படிக் காட்சிதான் அது.

லீனா யாதவின் தொடர்

2021 அக்டோபரில் நெட்ஃப்ளிக்ஸில் வந்த 'ஹவுஸ் ஆஃப் சீக்ரெட்ஸ்: தி புராரி டெத்ஸ்' மூன்று பகுதி ஆவணத் தொடர். லீனா யாதவ் இயக்கியது, இசை நம்ம ஏ.ஆர். ரஹ்மான். நல்ல தொடர். முக்கியமாக, ஊடகங்கள் அடித்த கூத்தை அது விடாமல் காட்டுகிறது. சுவரில் பதினொரு குழாய் இருக்கு, ஆவி போறதுக்கு வெச்சது என்று டிவிக்காரர்கள் நாள்கணக்கில் கத்தினார்கள். இறந்தவர்கள் பதினொரு பேர் என்பதால் எதை எண்ணினாலும் பதினொன்றாகவே வந்தது. தொடர் அந்த வழியில் போகாமல், உறவினர்கள், அக்கம்பக்கத்தார், போலீஸ்காரர்கள், மனநல மருத்துவர்கள் என்று ஒவ்வொருவராக உட்கார வைத்துக் கேட்கிறது.

ஆனால் எனக்கு இரண்டு குறை. முதலாவது, இசை. ரஹ்மானைக் குறை சொல்ல எனக்கே ஒரு மாதிரி இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். சிசிடிவிக்குச் சத்தம் கிடையாது. அந்த மௌனம்தான் அதன் சாட்சியம். திகில் இசையோடு ஒரு தொடரைப் பார்த்துப் பழகிய காதுக்கு, நாயைக் கூட்டிப்போகிறவரின் நடைகூட மர்மமாகத் தெரிகிறது. நடந்ததில் பெரிய விஷயமே அது மர்மமாக இல்லை என்பதுதான்.

இரண்டாவது குறை கொஞ்சம் பெரியது. தொடர் கடைசியில் வந்து நிற்பது ஒருவரின் மனநோயில். சின்ன வயதில் விபத்து, பிறகு ஒரு தாக்குதல், பேச்சு போனது, பேச்சு திரும்பியது என்று இளைய மகனின் கதை விரிகிறது. அது அவசியமான கதைதான். ஆனால் ஒருவருக்குக் குரல் கேட்டது என்பது பாதிக் கதை. மற்றப் பத்துப் பேர் பதினொரு வருஷம் அதை எழுதி, படித்து, அதன்படி நடந்தார்கள் என்பது மீதிப் பாதி. அதில் படித்தவர்கள் இருந்தார்கள், வேலைக்குப் போனவர்கள் இருந்தார்கள். இதையெல்லாம் தொடர் தொடுகிறது, ரொம்ப நேரம் அங்கே நிற்பதில்லை. 'கூட்டு மனப்பிறழ்வு' என்று ஒரு பெயர் கிடைத்தவுடன் பார்க்கிறவருக்கு ஒரு நிம்மதி வந்துவிடுகிறது. அது அவங்க வீட்டு வியாதி, நமக்கில்லை என்ற நிம்மதி. 'தி சாக்ரமென்ட்' கொடுத்த அதே வசதியான இடம்.

எங்கள் வீட்டில் நோட்டு இல்லை

இந்தத் தொடரை நான் அம்மாவோடு சேர்ந்து பார்த்தேன். இரண்டாவது பகுதி முடிந்ததும் அம்மா எழுந்து தோசைக்கல்லை வைக்கப் போனார். போகிற போக்கில், "நம்ம வீட்டுல நோட்டுல எழுதி வெக்கல, அவ்ளோதான்" என்றார்.

அவர் எதைச் சொல்கிறார் என்று எனக்குத் தெரியும். என் பெரிய அத்தை மேல் தாத்தா வருவார். செய்யாறு பக்கம் எங்கள் ஊரில் ஆடி மாதக் கூழ் ஊற்றும் நாளில்தான் முதலில் வந்தது. அப்புறம் வீட்டு விசேஷங்களில். தாத்தா சொன்னார் என்று நிலம் விற்கப்பட்டது. தாத்தா சொன்னார் என்று என் சித்தப்பா மகளுக்குப் பார்த்திருந்த மாப்பிள்ளை வேண்டாம் என்றானது. அக்காவுக்கு அந்தப் பையனைப் பிடித்திருந்தது என்பது எனக்குப் பத்து வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. அன்று கூடத்தில் இருபது பேர் இருந்தோம். யாரும் "ஏன்" என்று கேட்கவில்லை. எனக்கு அப்போது பத்தொன்பது வயது, காலேஜில் பகுத்தறிவு பேசுகிற ஆள். நானும் கையைக் கட்டிக்கொண்டுதான் நின்றேன்.

ஆனால் ஊரில் கதையே வேறு. சாமி வந்தால் சுற்றி ஊரே நிற்கும். "யாரு வந்திருக்கீங்க, சொல்லுங்க" என்று பூசாரி கேட்பார். பதில் சரியில்லை என்றால் விடமாட்டார். கையில் கற்பூரம் ஏற்றிப் பார்ப்பார்கள். கிழவிகள் சாமியையே திட்டுவார்கள்: "போன வருஷம் மழை வரும்னு சொன்னியே, எங்க வந்துச்சு?" சாமி சமாதானம் சொல்லும், இல்லையென்றால் மலையேறிவிடும். தேனாம்பேட்டையில்கூட ஆடி மாதம் ஆலையம்மன் கோயில் பக்கம் போனால், அருள் வந்து ஆடுகிறவரைச் சுற்றி நிற்கும் கூட்டத்தில் கேள்வி கேட்கிற குரல் ஒன்றாவது காதில் விழும். அந்தக் குரல் பக்திக்கு எதிரானதில்லை. சடங்கிலேயே அதற்கு ஓர் இடம் வைத்திருக்கிறார்கள்.

அதே தாத்தா, அதே அத்தை. ஊர்த் திடலில் பேசினால் குறுக்குக் கேள்வி வரும். வீட்டுக் கூடத்தில், கதவைச் சாத்திக்கொண்டு பேசினால் வராது. புராரியில் பதினொரு வருஷம் அந்தக் குரல் வீட்டைத் தாண்டி வரவே இல்லை. அவ்வளவு நெருக்கமாகப் பழகிய தெருவில் ஒருவருக்கும் தெரியாது. நம்பிக்கை இருந்தது என்பதைவிட, அது கேள்வி கேட்க ஆளில்லாத இடத்தில் வளர்ந்தது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஜோன்ஸ்டவுனில் கடைசி நாளிலாவது ஒரு கிறிஸ்டின் மில்லர் எழுந்தார்.

இதனால்தான் 'ஒதுங்கி வாழும் மதக் கூட்டம்' என்றதும் காட்டுக்குள் கேமராவைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற படங்கள் நமக்கு ஒட்டுவதில்லை என்று நினைக்கிறேன். நம் ஊரில் ஒதுக்குப்புறம் காட்டில் இல்லை. நாலு பக்கமும் வீடு, எதிரே டீக்கடை, வாசலில் பால் பாக்கெட். நடுவில் ஒரு சாத்திய கதவு. தமிழில் யாராவது இந்த வகைப் படம் எடுத்தால், வெளியிலிருந்து ஒரு யூடியூபர் உள்ளே போவதாக ஆரம்பிக்க வேண்டாம். வீட்டுக் கல்யாண வீடியோ போதும். தாத்தா பேசுகிறார், இருபது பேர் கேட்கிறார்கள், ஒரு பெண்ணின் முகம் மட்டும் மாறுகிறது. வீடியோக்காரர் அதைக் கவனிக்காமல் பந்தி பக்கம் திரும்பிவிடுகிறார். அந்தக் கேமரா நடுங்கத் தேவையில்லை.

சிசிடிவி வேலை முடிந்த அன்றைக்கு அக்காவுக்கு ஃபோன் செய்தேன். அவள் இப்போது கோயம்புத்தூரில் இருக்கிறாள், இரண்டு பிள்ளைகள். அந்த நாளைப் பற்றி முதல் தடவையாகக் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அன்னிக்கு நீ கேட்டிருக்கணும்டா" என்றாள். பிறகு பிள்ளைகளின் பரீட்சை பற்றிப் பேசினோம்.